குறைந்தது எட்டே எட்டு மதிப்பெண்

கேள்வி: பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. நான் பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரர் லாரிக்கு லோடு ஏற்றுகிறார். பையனுக்குப் பதினாறு வயது. அரசுப் பள்ளியில் பத்தாவது எழுதினான். நாலு பாடம் பாஸ், கணக்கில் மட்டும் 27. ரிசல்ட் வந்த நாளிலிருந்து வாசல்படி தாண்டவில்லை. "எனக்குப் படிப்பு வராதும்மா, ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்குப் போறேன். மாசம் பத்தாயிரம் தர்றாங்களாம்" என்கிறான். "போவட்டும் உடு, நீயும் நானும் படிச்சா பொழைச்சோம்" என்கிறார் அவங்க அப்பா. சின்னவள் எட்டாவது போகிறாள், நன்றாகப் படிப்பாள். அண்ணனைப் பார்த்து அவளுக்கும் மனசு விட்டுப்போச்சு. பையனுக்குப் படிப்பின் அருமையை எப்படிப் புரியவைப்பது?
— பெயர் வேண்டாம், பேரணாம்பட்டு

பதில்: அம்மா, படிப்பின் அருமையைப் புரியவைக்கிற வேலையை ஜூலை வரைக்கும் ஒத்திப்போடுங்கள். உங்கள் பையனுக்குப் படிப்பு பிடிக்காமல் போகவில்லை. அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. ஃபெயில் ஆன பையனை உட்காரவைத்து அறிவுரை சொன்னால் "நீ தோற்றுவிட்டாய்" என்பது மட்டும்தான் அவன் காதில் விழும். வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்த ராதாகிருஷ்ணன்தான் குடியரசுத் தலைவராக ஆனார் என்று யாராவது பெரியவர் ஆரம்பிப்பார். உண்மைதான், ஆனால் 27 வாங்கிய பையனுக்கு அதனால் ஒரு மதிப்பெண்கூட ஏறாது. அக்கா பையன், பக்கத்து வீட்டுப் பெண் என்று ஒப்பிடுவதும் வேண்டாம்.

தேர்ச்சிக்கு 35 வேண்டும், அவனிடம் இருப்பது 27. அதாவது "படிப்பு வராது" என்பதெல்லாம் இல்லை, குறைந்தது எட்டு. இதை அவனிடம் ஒரே ஒரு முறை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், சாதாரணமாகச் சொல்லுங்கள். மறுநாள் அவனையே கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள்.

துணைத் தேர்வு ஜூலை வாக்கில் நடக்கும். தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும், பாஸான நாலையும் மறுபடி தொட வேண்டியதில்லை. விண்ணப்பம் அவன் படித்த பள்ளி வழியாகவே போகும். ரிசல்ட் வந்த கையோடு அதற்குச் சில நாள்தான் கொடுப்பார்கள். பல பிள்ளைகள் கோட்டை விடுவது பரீட்சையில் இல்லை, இந்தத் தேதியில்தான். தவறியிருந்தால் தட்கல் என்று கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு வாய்ப்பு வரும், தலைமையாசிரியரிடம் கேளுங்கள். "பத்தாவது ஃபெயிலா? ஒரே மாதத்தில் பாஸ்!" என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கிறார்களே, அந்தப் பக்கம் போகவே வேண்டாம். எங்கேயோ ஒரு பெயர் தெரியாத போர்டின் சான்றிதழைக் கொடுத்துப் பணம் பிடுங்குவார்கள், பிறகு ஐ.டி.ஐ.யிலும் செல்லாது, வேலைக்கும் செல்லாது.

இனி கணக்குக்கு வருவோம். எட்டு குறைந்தது என்றாலும், பழைய 27-ஐ வைத்துக்கொண்டு மீதியை எழுத முடியாது. நூற்றுக்கும் புதிதாகத்தான் எழுத வேண்டும். அதனால் 35-ஐக் குறிவைத்துப் படிக்கக் கூடாது, 50-க்குப் படித்தால்தான் 35 நிச்சயம்.

வினாத்தாளில் நாலு பகுதி. முதல் பகுதியில் ஒரு மதிப்பெண் 14. இரண்டாவதில் இரண்டு மதிப்பெண் 10, மூன்றாவதில் ஐந்து மதிப்பெண் 10. கடைசியில் எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு, ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். இரண்டுக்கும் 'அல்லது' போட்டு மாற்றுக் கேள்வி இருக்கும். கணக்கு வராது என்கிற பிள்ளை தொடங்க வேண்டிய இடம் இந்தக் கடைசிப் பகுதி. இதில் சூத்திரத்தைவிடக் கைப்பழக்கம்தான் முக்கியம். நீங்கள் பீடி இலை வெட்டப் பழகியதும் அப்படித்தானே?

முதலில் அவனிடம் கேளுங்கள், இந்த 16-ல் போன முறை எவ்வளவு எழுதினான் என்று. பெரும்பாலும் "நேரம் இல்ல" அல்லது "படம் கோணலாப் போச்சு" என்பான். தொடுகோடு வரைதலை எடுத்துக்கொள்வோம். 3 செ.மீ. ஆரத்தில் வட்டம், மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் வெளியே ஒரு புள்ளி, அங்கிருந்து இரண்டு தொடுகோடு. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முதலில் கையால் ஓர் உதவிப்படம். பிறகு வட்டம், 5 செ.மீ. கோடு. அந்தக் கோட்டுக்கு மையக்குத்துக்கோடு போட்டால் நடுப்புள்ளி கிடைக்கும். நடுப்புள்ளியில் காம்பஸை ஊன்றி, முதல் வட்டத்தின் மையம் வரை விரித்து இன்னொரு வட்டம். இரண்டு வட்டமும் வெட்டும் இரண்டு இடங்களையும் வெளிப்புள்ளியோடு சேர்த்தால் தொடுகோடுகள். அளந்தால் 4 செ.மீ. வர வேண்டும். சரிபார்ப்பது பிதாகரஸ் தேற்றத்தால், 25-லிருந்து 9 போக 16, அதன் வர்க்கமூலம் 4.

எங்கே கெடுகிறது? பத்து ரூபாய் காம்பஸில் திருகு தளர்ந்திருக்கும், வட்டம் முடிவதற்குள் ஆரம் மாறிவிடும். பென்சில் மொட்டையாக இருந்தால் கோட்டின் தடிப்பிலேயே ஒரு மில்லிமீட்டர் போய்விடும். உதவிப்படமும் சரிபார்த்தலும் எழுதாமல் விட்டால் படம் சரியாக இருந்தும் மதிப்பெண் குறையும். திருகாணி இறுக்கமான ஒரு நல்ல காம்பஸும் இரண்டு பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். இந்த மாதம் அவனுக்குச் செய்கிற பெரிய செலவு இதுவாக இருந்தால் போதும்.

வரைபடத்திலும் தவறுகிற இடங்கள் இப்படி விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். எக்ஸ் வர்க்கம் கழித்தல் 2 எக்ஸ் கழித்தல் 3 என்ற சமன்பாடு வந்தால், எக்ஸுக்கு −2 போடும் இடத்தில்தான் சறுக்கும். வர்க்கம் 4. அடுத்தது −2-ஐ −2-ஆல் பெருக்குவதால் +4. அதில் 3 போனால் விடை 5. அவசரத்தில் அதை −4 என்று எழுதினால் −3 வந்துவிடும், வளைகோடு ஒரு பக்கம் நொண்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கோடு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறுகிறதா என்று பார்ப்பது. இங்கே −2-க்கும் 4-க்கும் ஒரே விடை 5 வரும், −1-க்கும் 3-க்கும் பூஜ்யம் வரும். ஒத்துப்போகவில்லை என்றால் அட்டவணையில் பிழை. அப்புறம் அளவுத்திட்டம் எழுதாமல் விடுவது, புள்ளிகளை ஸ்கேல் வைத்து நேர்கோடாக இணைப்பது, இரண்டும் மதிப்பெண்ணைத் தின்னும். கையை ஊன்றி வளைவாகத்தான் இழுக்க வேண்டும்.

இந்தப் பதினாறுக்கு இரண்டு வாரம், ஒரு நாளைக்கு இரண்டு படம். அதன் பிறகு ஒரு மதிப்பெண்: பாடநூலில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் இருக்கும் பலவுள் தெரிவு வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதினால் பத்து மதிப்பெண்ணாவது தேறும். இரண்டு மதிப்பெண்ணில் ஐந்து, ஐந்து மதிப்பெண்ணில் மூன்று எடுத்தால் மொத்தம் 51. உறவுகளும் சார்புகளும், கூட்டுத் தொடர்வரிசை, திட்டவிலக்கம், பகடையும் நாணயமும் வரும் நிகழ்தகவு ஆகியவற்றை முதலில் எடுக்கட்டும். முக்கோணவியலைக் கடைசிக்கு வைக்கலாம், விட்டாலும் பாதகமில்லை. தேர்வுக்கு முந்தைய வாரம் பழைய வினாத்தாள் ஒன்றை வைத்து மூன்று மணி நேரம் கடிகாரம் பார்த்து எழுதவையுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று கவலைப்படாதீர்கள். பள்ளியில் கேட்டால் துணைத் தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கணக்கு ஆசிரியர் நேரம் ஒதுக்குவார், வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தாலும் போதும்.

இனி அந்தப் பத்தாயிரம். உங்கள் வீட்டுக்காரரை இதில் குறைசொல்ல மாட்டோம், வீட்டுக் கஷ்டம்தான் அவரை அப்படிப் பேசவைக்கிறது. ஆனால் கணக்கு அவர் நினைப்பதுபோல் இல்லை. ஏற்றுமதி செய்யும் பெரிய ஷூ கம்பெனிகள் 18 முடியாத பையனைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வயதுச் சான்று பார்ப்பார்கள். பதினாறில் எடுப்பது ஜாப் ஒர்க் செய்யும் சின்ன ஷெட்டுகள். அங்கே பசை தடவுவது, நூல் வெட்டுவது என ஹெல்பர் வேலைதான். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கிடையாது. சீசன் இல்லாத மாதம் கூலியும் கிடையாது. தோல் பதனிடும் வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் 18 வயது ஆகாதவர்களை வைப்பதே சட்டப்படி குற்றம்.

அவன் சம்பாதிக்க நினைப்பது நல்ல எண்ணம்தான், அதை வெட்டிவிடாதீர்கள். "ஜூலை வரைக்கும் கணக்கு, அதுக்கப்புறம் உன் இஷ்டம்" என்று பேசி முடியுங்கள். பேச்சு மாறக் கூடாது. நீங்களும்தான்.

பத்தாவது கையில் வந்தால் அவனுக்கு இரண்டு நல்ல வழி இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலெக்ட்ரீசியன் போன்றவை இரண்டு வருடம். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகமும் தருகிறார்கள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ சேரும் பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முடித்தவர்கள் ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலை போன்ற இடங்களில் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். இன்னொன்று பாலிடெக்னிக், பத்தாவதுக்குப் பிறகு மூன்று வருடம். ஐ.டி.ஐ. முடித்தவன் நேராக டிப்ளமா இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமா முடித்தவன் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். பதினொன்றாவதே படிக்க ஆசைப்பட்டாலும் துணைத் தேர்வு முடிவு வந்ததும் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் அன்றைக்கே போய் நிற்க வேண்டும்.

ஜூலையிலும் தவறினால்? ஐ.டி.ஐ.யில் வெல்டர், ஒயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாவது தேர்ச்சியே போதும். சேர்ந்துகொண்டு கணக்கை அடுத்த முறை எழுதலாம். இதைத் தேர்வுக்கு முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். தவறினால் எல்லாம் போச்சு என்ற பயத்தோடு உட்காரும் பையனுக்கு வந்த கணக்கும் வராது.

ஒன்றைக் கவனியுங்கள். சாப்பிடாமல் இருக்கிறான், தூங்குவதில்லை, "நான் இருந்து இன்னா ஆவப்போவுது" என்று பேசுகிறான் என்றால் அதைக் கோபம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தனியாக விடாமல், 104-க்கோ 14416-க்கோ உடனே பேசுங்கள். இரண்டிலும் தமிழில் ஆலோசனை கிடைக்கும், காசு ஆகாது. பள்ளி, சேர்க்கை சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417.

சின்னவளை மறந்துவிடவில்லை. எட்டாவது என்றால் தேசிய வருவாய் வழி திறன் தேர்வு எழுத இதுதான் வருடம், அடுத்த வருடம் எழுத முடியாது. ஏழாவதில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேர்வாகிவிட்டால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000, நாலு வருடத்தில் 48,000 ரூபாய். அதுவரை, உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் மத்திய அரசின் பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்கு இந்த வருடமே ஆன்லைனில் போடுங்கள். அவளை ஊர்ப் பெருமைக்காக நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடாதீர்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இருக்கும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்கு ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும்.

இந்தப் பணமெல்லாம் பெரும்பாலும் தடைப்பட்டு நிற்கிற இடம் வங்கிக் கணக்கு. ஆதாரில் ஒரு இனிஷியல், பள்ளியில் ஒன்று, பீடி அட்டையில் உங்கள் பெயர் வேறு மாதிரி என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பிவரும். இரண்டு பிள்ளைகள் பெயரிலும் கணக்கு இருக்கிறதா, அதில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கியிலேயே கேட்டுவிடுங்கள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பிற்பாடு கல்லூரிக்கு முதல் பட்டதாரி சான்று, எல்லாம் இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றும் 60 ரூபாய். ஜூனில் கூட்டம் நெரியும், இப்போதே போட்டுவையுங்கள்.

இன்னொன்று, சொன்னால் வருத்தப்படாதீர்கள். சாயங்காலம் ஆயிரம் பீடிக் கணக்கு முடிய வேண்டும் என்று நூல் சுற்றவும் வாய் மடக்கவும் சின்னவளை உட்காரவைக்கிறீர்களா? அந்த இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு இருக்கிற படிக்கிற நேரம். கூலி கொஞ்சம் குறையட்டும், முறத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் படம் போடுகிற அதே விளக்கடியில் அவளும் புத்தகத்தோடு உட்காரட்டும்.