ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா வரைந்ததெல்லாம் வெள்ளைக்காரப் பாணிதானே? அவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

செல்போனில் நாலு படம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

மெல்போர்னுக்குக் குடிவந்த புதிதில், பழைய சாமான் கடையில் அவருடைய அச்சுப்படம் ஒன்றைப் பத்து டாலருக்கு வாங்கினேன். முன்னால் வெள்ளை மரம், பின்னால் ஊதா மலை. நானும் வாட்டர்கலர் போடுகிறவன். "மலை எங்கேயாவது கத்தரிக்காய் நிறத்தில் இருக்குமா?" என்று வீட்டில் கிண்டலடித்தேன். (ஃபிரேம் போட்டவர் ஓரத்தை வெட்டியதில் கையெழுத்து 'ஆல்பர்ட் நம'வோடு நின்றுவிட்டது. கேட்டதற்கு, பழைய காகிதம்தானே என்றார். கூலியில் மட்டும் ஒரு டாலர் குறைக்கவில்லை. இன்னும் ஆறவில்லை எனக்கு.)

அப்புறம் ஒரு ஜூலையில், அவர் வாழ்ந்த நடு ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போனோம். சாயங்காலம் கிளென் ஹெலன் பக்கம் நின்று சோண்டர் மலையைப் பார்த்தால், அசல் கத்தரிக்காய். அவசரமாகப் பெட்டியைத் திறந்து வரைய உட்கார்ந்தேன். அந்த வறண்ட காற்றில் வானத்துக்குப் பூசிய நீலம் பாதி தாளைத் தாண்டுமுன் காய்ந்து கோடு கோடாக நின்றது. மனிதர் இந்தக் காற்றில் உட்கார்ந்துதான் அத்தனையும் வரைந்திருக்கிறார்!

அவர் 1902இல் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் கிறிஸ்தவ மிஷனில் பிறந்த, மேற்கு அரெர்ன்டே என்ற பழங்குடி இனத்தவர். 1936இல் ரெக்ஸ் பேட்டர்பீ என்ற ஓவியரை ஒட்டகங்களோடு கூட்டிப்போய், கூலிக்குப் பதிலாக வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டார். இரண்டே வருடத்தில் மெல்போர்னில் தனிக் கண்காட்சி, 41 படங்களும் விற்றன. பாணி கற்றுக்கொண்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வரைந்தது அவருடைய முன்னோர் பூமி. நாம் 'லேண்ட்ஸ்கேப்' என்று சொல்லிவிட்டுப் போகிற பாறையில் அவருக்குக் கதையும் கடமையும் இருந்தன. 'ஊரை விட்டு வந்த உனக்கு என்ன தெரியும்' என்று யாராவது வருவீர்கள். சரி, அந்த மண்ணின் மக்கள் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 1954இல் ராணியைச் சந்தித்தவருக்கு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் சொந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைத்ததில்லை. 1957இல் மது வாங்குவது உட்பட வெள்ளையருக்கு இருந்த உரிமைகளை அவருக்கும் மனைவிக்கும் தந்தார்கள், மற்ற சொந்தபந்தத்துக்குத் தரவில்லை. உறவினருக்கு மது கொடுத்தார் என்று மறு வருடமே வழக்கு. அப்பீலில் மூன்று மாதமாகக் குறைந்த தண்டனையில் இரண்டு மாதம் பப்புன்யா என்ற பழங்குடிக் குடியிருப்பில் கழித்தார். 1959 ஆகஸ்டில் இறந்தபோது வயது 57. அவர் படங்களின் காப்புரிமையை 1983இல், அவர் சொத்தை நிர்வகித்த அரசு அறங்காவலர் 8,500 டாலருக்கு விற்றார். குடும்பத்தின் அறக்கட்டளைக்கு அது திரும்பி வர 2017 ஆயிற்று.

என் சோண்டர் மலைப் படத்தைக் காட்டச் சொல்லாதீர்கள். அது பரணில் இருக்கிறது.