நடுநிலைப் பள்ளி வயதில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொடுமைப்படுத்துவதைத் தடுக்க முடியுமா?

ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனுக்கு உடன் படிக்கும் நான்கைந்து பேர் ஜூன் மாதத்திலிருந்தே பட்டப்பெயர் சொல்லியும் சாப்பாட்டுப் பையை ஒளித்துவைத்தும் தொல்லை கொடுக்கிறார்கள் என்றும், பள்ளியில் சொன்னால் "பிள்ளைகள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள்" என்று அனுப்பிவிடுகிறார்கள் என்றும் எழுதி, இதைத் தடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தொல்லை கொடுப்பவனையும் அதற்கு ஆளாகிறவனையும் மட்டும் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் வரை இது நிற்பதில்லை. சுற்றி இருந்து பார்க்கும் முப்பது பேரிடம்தான் இதை நிறுத்தும் வலு இருக்கிறது.

முதலில், எது விளையாட்டு, எது கொடுமை என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நார்வே நாட்டில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் உடன் படித்தவர்களின் கொடுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, 1983இல் நாடு முழுவதும் பள்ளிகளில் ஒரு தடுப்பு இயக்கம் தொடங்கியது. இந்தத் துறையில் முன்னோடியான உளவியலாளர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைச் சொன்னார்: துன்புறுத்தும் நோக்கம் இருக்கும், திரும்பத் திரும்ப நடக்கும், இரு தரப்புக்கும் வலு சமமாக இருக்காது. சமமான இருவர் பந்துக்காகச் சண்டையிட்டால் மறுநாள் சேர்ந்து விளையாடிவிடுவார்கள். நீங்கள் விவரித்திருப்பதில் மூன்று அடையாளங்களும் இருக்கின்றன. ஆகவே அதை விளையாட்டு என்று சொல்லித் தள்ள யாருக்கும் உரிமை இல்லை. நம் பிள்ளைகள் இதற்கு ஒரே சொல்லை வைத்திருக்கவில்லை. "ஓட்டுறாங்க", "வம்பு இழுக்கிறான்" என்பார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் "என்கூட யாரும் பேச மாட்டேங்கிறாங்க மிஸ்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். கடைசியாகச் சொன்னதையும் அடிதடிக்கு இணையான கொடுமையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மூன்று பேர் பேச்சை நிறுத்திவிட்டு மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லும்போது அந்தப் பிள்ளைக்கு வகுப்பறையில் நாள் முழுவதும் வேறு போக்கிடம் இல்லை.

இந்த வயதில் இது கூடுவதற்குக் காரணம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலான பள்ளிகளில் ஒரே ஆசிரியர் நாள் முழுவதும் பிள்ளைகளுடன் இருப்பார். யார் முகம் வாடியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார், நாற்பது நிமிடத்தில் போய்விடுகிறார். பல ஊர்ப் பிள்ளைகள் முதன்முறையாக ஒன்றுசேர்கிறார்கள், உடல் மாறத் தொடங்குகிறது, யார் பெரியவன் என்பதைப் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அந்த முடிவை எளிதில் எட்ட ஒருவனைக் கீழே தள்ளிக் காட்டினால் போதும் என்பதைச் சிலர் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் ஏழாம் வகுப்பில் திக்கிப் பேசும் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் வாய்ப்பாடு ஒப்பிக்க எழும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒருவன் முதல் எழுத்தை மூன்று முறை இழுத்துச் சொல்வான், வகுப்பே சிரிக்கும். நான் இருவரையும் முன்னால் அழைத்து, கைகுலுக்க வைத்து, இனி நண்பர்களாக இருங்கள் என்று சொல்லி, பிரச்சினையைத் தீர்த்துவிட்டதாக நினைத்தேன். மறுநாளிலிருந்து அந்தக் கேலி வகுப்பறையை விட்டு நகர்ந்து தண்ணீர்க் குழாய்க்கும் கழிப்பறைக்கும் போனது, "மிஸ்ஸோட செல்லப்பிள்ளை" என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. இரண்டு மாதம் கழித்து அவன் அம்மா வந்து, பையனுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று மருத்துவரிடம் காட்டியதையும், கழிப்பறைப் பக்கம் போகாமல் இருப்பதற்காக அவன் பள்ளியில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்ததையும் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வலு சமமாக இல்லாத இடத்தில் சமாதானம் பேசுவது வலியவனுக்கு மட்டுமே உதவும் என்பதை அன்று உணர்ந்தேன்.

அதன் பிறகு வேறு விதமாக முயன்றேன். அவனைத் தனியே எழுப்பி ஒப்பிக்க வைப்பதை நிறுத்தி, எல்லோரும் சேர்ந்து சொல்லும்படி மாற்றினேன். வகுப்பில் மற்றவர்கள் மதிக்கும் மூன்று பேரை, அதில் ஒருவன் கபடிக் குழுவின் தலைவன், தனித்தனியாக அழைத்து, இடைவேளையில் அவனோடு குழாயடிக்குப் போய் வாருங்கள் என்று மட்டும் கேட்டேன். யாரையும் அடக்கவோ கண்காணிக்கவோ சொல்லவில்லை. சிரித்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசினேன். பெரும்பாலானவர்களுக்கு உள்ளூர அது பிடிக்கவில்லை, சிரிக்காவிட்டால் அடுத்தது தாங்கள்தான் என்ற பயம்தான் இருந்தது. தொல்லை கொடுத்தவனிடம் ஏன் செய்தாய் என்று கேட்காமல், என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும், இனி அது நடக்கக் கூடாது, வரும் வெள்ளிக்கிழமை மறுபடியும் பேசுவோம் என்று சொல்லி, சொன்னபடி ஒவ்வொரு வெள்ளியும் பேசினேன். கேலி அடங்க ஒரு பருவம் பிடித்தது.

நான் தட்டுத்தடுமாறிக் கண்டுகொண்டதைப் பின்லாந்தில் முறையாகவே வகுத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சால்மிவல்லி, பன்னிரண்டு பதின்மூன்று வயது மாணவர்களை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு வகுப்பில் கொடுமை செய்பவனுக்குக் கையாட்களும், சிரித்து ஊக்குவிப்பவர்களும், ஒதுங்கிப் போகிறவர்களும், ஆளானவனுக்காக நிற்பவர்களும் இருப்பதைக் காட்டினார். அதன் அடிப்படையில் 2006 முதல் அரசு ஆதரவோடு உருவான 'கிவா' என்ற திட்டம், பார்த்துக்கொண்டிருப்பவர்களை மாற்றுவதையே முதன்மையாகக் கொண்டது. வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பேரை ஆளானவனுக்குத் துணையாக நிற்கக் கேட்பதும் அதில் ஒரு பகுதி.

நம் பள்ளிகளில் உடனே மாற்றக்கூடியவை சில உண்டு. ஆசிரியர் இல்லாத நேரத்தில் வகுப்புத் தலைவன் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று நான் எல்லா ஆசிரியர் கூட்டத்திலும் சொல்லி வருகிறேன். பெயரை எழுதாமல் இருக்கப் பேனாவும் தின்பண்டமும் கைமாறுவது நம் காலத்திலேயே நடந்ததுதான்; பெரியவர்களின் அதிகாரத்தைக் கேள்வி கேட்பாரில்லாமல் ஒரு சிறுவனிடம் நாமே ஒப்படைக்கிறோம். அடுத்தது இடம். பள்ளியின் வரைபடம் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, தங்கள் பெயரை எழுதாமல், தனியே போகப் பயப்படும் இடத்தில் புள்ளி வைக்கச் சொன்னால், புள்ளிகள் கழிப்பறை, சைக்கிள் நிறுத்துமிடம், வேனின் கடைசி இருக்கை என்று இரண்டு மூன்று இடங்களில் குவியும். இடைவேளையில் ஆசிரியர் நிற்க வேண்டிய இடம் அதுதான். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி நல்ல ஏற்பாடு. ஆனால் பெட்டியில் சீட்டுப் போடுகிறவனை எல்லோரும் பார்க்கிறார்கள். அதனால் என் வகுப்பில் வெள்ளிக்கிழமைதோறும் அனைவருமே ஒரு சீட்டு எழுதிப் போடுவார்கள். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கள் "ஒன்றுமில்லை" என்று எழுதுவார்கள்.

ஆசிரியர்களின் வாயைப் பற்றியும் பேச வேண்டும். மாணவனைக் "குண்டா" என்றும் "கருப்பா" என்றும் செல்லமாக அழைக்கிறோம் என்று நினைக்கும் ஆசிரியர், அந்தப் பெயரை வகுப்பு முழுவதற்கும் வழங்கிவிடுகிறார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் சாதியை விட்டுவிட்டு இதைப் பேசினால் பாதியை மறைத்ததாகிவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்தவர்களின் சாதித் தொல்லையால் பள்ளிக்குப் போகாமல் இருந்து, பின்னர் அதைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவனும் அவன் தங்கையும் வீடு தேடி வந்தவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்வது, மாணவர்களை அகர வரிசைப்படி அமர வைப்பது உள்ளிட்ட பரிந்துரைகளைச் சொன்னது. மேல்நிலை வகுப்பில் அரிவாளாக வெளிப்படுவது ஆறாம் வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்கார மாட்டார்கள் என்பதாகத் தொடங்குகிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சம்பவத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்றும் உண்டு: முறையிட்ட பிள்ளைக்கு அன்று மாலையிலிருந்தே பாதுகாப்பு வேண்டும். "தைரியமாகச் சொல்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இனி உங்கள் மகனுக்கு. "திருப்பி அடி" என்று சொல்லாதீர்கள். நான்கைந்து பேருக்கு எதிரே ஒருவனால் அது முடியாது, முடியாதபோது உங்களிடம் சொல்வதையும் நிறுத்திவிடுவான். பள்ளி வாசலில் அந்தப் பிள்ளைகளை நீங்களே மிரட்டவும் வேண்டாம். "இன்று யாராவது அடித்தார்களா" என்று கேட்பதைவிட, இடைவேளையில் எங்கே இருந்தாய், சாப்பிடும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பதில் அதில்தான் கிடைக்கும். தேதி, இடம், நடந்தது, பார்த்தவர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவன் படத்தை ஸ்டிக்கராக்கிப் பரப்பியிருந்தால் அழிப்பதற்கு முன் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். பிறகு தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லாமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். மன்னிப்புக் கேட்க வைப்பதோ கைகுலுக்க வைப்பதோ வேண்டாம் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். இடைவேளையில் யார் கவனிப்பார்கள், அவனுக்குத் துணையாக எந்த மாணவர்கள் இருப்பார்கள், மறுபடியும் என்றைக்குப் பேசலாம் என்ற மூன்றுக்கும் பதில் கேளுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் வையுங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. குழந்தைகளுக்கான 1098 எண்ணை உங்கள் மகனுக்கே மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். அவன் சாப்பிடாமலும் தூங்காமலும் இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற வகையில் ஒரு சொல் சொன்னாலோ, பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கடிதம் கொடுத்த மூன்று வாரம் கழித்து மீண்டும் பள்ளிக்குப் போங்கள், பிரச்சினை அடங்கிவிட்டது என்று உங்கள் மகன் சொன்னாலும் போங்கள். தொல்லை நிற்காமல் வேறு இடத்துக்கு மாறியிருக்கிறதா என்று அப்போது கேட்க வேண்டும்.