மகன் கோழி வளர்க்கப் போகிறேன் என்கிறார், பணம் கொடுக்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

உயர்தரத்தில் உயிரியல் படித்த மகனுக்கு மருத்துவ பீட அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை. இப்போது அவிசாவளைக் காணியில் கூடு கட்டித் தூய இனக் கோழி வளர்க்கப் போகிறேன் என்று பணம் கேட்கிறார். கொடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. பெரிய தொகையை இப்போது கொடுக்காதீர்கள். ஆனால் அவரைத் தடுக்கவும் வேண்டாம்.

முதலில் அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். ரோட் ஐலண்ட் ரெட் என்ற தூய இனப் பேடு ஒன்று நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 200 முட்டை அளவில் இடும். நாளுக்கு ஏறத்தாழ 125 கிராம் தீன் தின்னும். ஒரு முட்டைக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான தீன் போகிறது. பண்ணைகளில் இருக்கும் கலப்பின முட்டைக்கோழி 110 கிராம் அளவில் தின்று 300 முட்டையைத் தொட்டுவிடும். முட்டைக்கு 135 கிராம்கூட வராது. இறைச்சியிலும் இதே நிலைதான். புரொய்லர் 6 வாரத்துக்குள் 2 கிலோவாகிறது. தூய இனச் சேவலுக்கு 4 மாதமாவது வேண்டும். குருணாகல், கம்பஹாப் பக்கத்துப் பெரிய பண்ணைகளோடு முட்டை விலையில் போட்டியிட்டால் மகன் நிச்சயம் நட்டப்படுவார்.

அப்படியானால் வருமானம் எங்கே? குஞ்சில். கலப்பினக் கோழியின் முட்டையை அடைவைத்தால் தாயின் குணம் குஞ்சில் அப்படியே வராது. தூய இனத்தில் வரும். ஆகவே வீட்டுத் தோட்டத்தில் கோழி வளர்ப்பவர்களுக்குக் கருவுள்ள முட்டை, ஒருநாள் குஞ்சு, முட்டையிடும் பருவத்து இளம்பேடு ஆகியவற்றை விற்பதே அவருடைய தொழில். பொரிப்பதில் பாதி சேவலாகத்தான் இருக்கும். அவை இறைச்சிக்குப் போகும். மிஞ்சும் முட்டை கடைக்குப் போகும். இரண்டும் பக்க வருமானம்தான்.

இந்தத் தொழிலுக்குக் கூட்டைவிட முக்கியமானது ஒரு கொப்பி. ஒவ்வொரு கோழிக்கும் காலில் இலக்கமிட்ட வளையம் போட வேண்டும். எந்தச் சேவலின் குஞ்சு, எத்தனையாவது வாரத்தில் முதல் முட்டை, எடை என்ன, எது நோயில் விழுந்தது என்று எழுதி, சிறந்தவற்றை மட்டுமே அடுத்த தலைமுறைக்கு வைக்க வேண்டும். 8 முதல் 10 பேட்டுக்கு ஒரு சேவல் போதும். அதே சேவலை அதன் மகள்களோடு திரும்பத் திரும்பச் சேர்த்தால் பொரிக்கும் வீதம் விழுந்துவிடும்; வேறு வம்சவழிச் சேவல் வேண்டும். இதை ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் செய்யும் குணம் மகனிடம் இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

நம் ஊர் வெக்கையையும் அவர் யோசித்திருக்க வேண்டும். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸுக்கு மேல் முட்டைக்குள் கரு மெல்ல வளரத் தொடங்கி, பின்பு பலவீனமாகிவிடும். அதனால் அடைமுட்டையை ஒரு நாளில் பல தடவை பொறுக்கி, குளிர்ந்த இடத்தில் கூர்முனை கீழே இருக்க வைத்து, ஒரு வாரத்துக்குள் குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தில் வைக்க வேண்டும். விசிறியுள்ள இயந்திரத்தில் 37.5 பாகை, 21 நாள். 18ஆம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்த வேண்டும். 2022இல் 13 மணிநேர மின்வெட்டைப் பார்த்த நாடு இது. மாற்று மின்சாரம் இல்லாமல் இயந்திரம் வாங்க விடாதீர்கள்.

படிப்பைக் கைவிட வேண்டியதில்லை. மருத்துவத்துக்குப் போதாத புள்ளி விவசாய பீடத்துக்குப் போதலாம். பேராதனையிலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலும் அது இருக்கிறது. குண்டசாலைக்கு அருகே கரந்தகொல்லையில் கால்நடை வளர்ப்புப் பாடசாலையும் உண்டு. விண்ணப்ப நாளைத் தவறவிடாமல் பாருங்கள்.

இதற்கிடையில் ஒரே இனம், 2 சேவல், 16 முதல் 20 பேடு, அதற்கு வேண்டிய பணம் மட்டும் கொடுங்கள். குஞ்சு பொரித்து, அது வளர்ந்து முட்டையிட 5, 6 மாதமாகும். அந்தச் சுற்று முடிந்ததும் கொப்பியை வாங்கிப் பாருங்கள். தீன் செலவும் விற்பனையும் அதில் நாள்வாரியாக இருந்தால் அடுத்த கூட்டுக்குப் பணம் கொடுக்கலாம்.

கோழி வாங்குமுன் இருவருமாக அந்தப் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். ராணிக்கெட், கம்போரோ, அம்மை ஆகிய கோழி நோய்களுக்கான தடுப்பூசி அட்டவணையை எழுதி வாங்குங்கள். பதிவு தேவையா என்பதையும் அங்கேயே கேளுங்கள். வெளியிலிருந்து வரும் எந்தக் கோழியையும் ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தோடு விட வேண்டும்.