டெக்ஸஸ் எலெக்ட்ரீசியன் லைசென்ஸ்: வருஷா வருஷம் வகுப்பு எதற்கு?

பல்லடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐடிஐ முடித்து, வயர்மேன் சர்டிபிகேட்டோடு தறிக்குடோன், வீடு என்று பத்து வருஷமாக வயரிங் பார்க்கிறவர். மனைவிக்கு டாலஸில் வேலை, அதனால் இவரும் வருகிறார். "அங்கே லைசென்ஸ் வாங்கினாலும் வருஷா வருஷம் வகுப்புக்குப் போகணுமாமே, தொழில் தெரிந்தவனுக்கு அது எதுக்குங்க, காசு பிடுங்கவா?" என்பது கேள்வி.

போகத்தான் வேணும் தம்பி. டெக்ஸஸில் லைசென்ஸை வருஷம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு 4 மணி நேரப் பாடம். வீட்டில் உட்கார்ந்தே ஆன்லைனில் முடித்துவிடலாம். மாநில லைசென்ஸ் துறை அனுமதித்த பாடமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோனால் கணக்கே வேறு.

காசு பிடுங்கலா என்றால், பாதி நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றும். மாநிலச் சட்டமும் பாதுகாப்பு விதிகளும் போன வருஷம் கேட்டதாகவே இருக்கும், கொட்டாவி வரும். வயரிங் விதிகளைச் சொல்லும் நேஷனல் எலெக்ட்ரிக்கல் கோடு (இங்கே சுருக்கமாகக் கோடு புத்தகம்) மாறுகிற வருஷம் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக் கேளுங்கள். 1897-இல் தொடங்கிய புத்தகம் அது, இப்போது மூன்று வருஷத்துக்கு ஒரு பதிப்பு. 2020 பதிப்பை டெக்ஸஸ் அந்த வருஷம் நவம்பரிலும், 2023 பதிப்பை 2023 செப்டம்பரிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2020-இல் வந்த மாற்றத்தைப் பாருங்கள்: புது வீட்டுக்கு வெளியிலேயே மெயினை அணைக்க ஒரு வசதி வேண்டும், தீயணைப்பு வீரர்கள் உள்ளே போகாமல் கரண்டை நிறுத்துவதற்கு. திடீரென்று வோல்டேஜ் எகிறினால் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் கட்டாயம் ஆனது. இது தெரியாமல் பழைய கணக்கில் வேலையை முடித்தால் இன்ஸ்பெக்டர் பாஸ் போடமாட்டார். அவர் பாஸ் போடாமல் சுவரை மூட முடியாது, சுவர் மூடாமல் அடுத்த வேலைக்காரன் வரமுடியாது. மொத்த சைட்டும் உங்களைத்தான் பார்க்கும்.

நம்ம ஊரில் பிளக் பாயின்ட் எங்கே வைப்பது என்று வீட்டுக்காரம்மா சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டும். இங்கே புத்தகம் சொல்லும். அறையின் சுவரோரத்தில் எந்த இடத்தில் நின்றாலும் 6 அடிக்குள் ஒரு பாயின்ட் இருக்க வேண்டும், இரண்டடி அகலச் சுவருக்கும் இதே விதி. வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னாலும் செல்லாது.

உங்களுக்குக் கையில் ஊறிய பழக்கம்தான் பெரிய ஆபத்து. ஊரில் கறுப்பு ஒயர் நியூட்ரல். இங்கே கறுப்பில்தான் கரண்ட் வரும், வெள்ளை அல்லது சாம்பல் நிறம் நியூட்ரல், பச்சையோ வெறும் செம்போ எர்த். முதல் சில மாசம் டெஸ்டரை வைத்துப் பார்க்காமல் எதையும் தொடாதீர்கள். ஒயர் அளவும் தலைகீழ்: எண் ஏற ஏற ஒயர் மெலிசு. 20 ஆம்பியருக்கு 12-ஆம் நம்பர் செம்பு, 15-க்கு 14. கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஆர்சிசிபியை நாம் 30 மில்லி ஆம்பியரில் போட்டுப் பழகியவர்கள். இங்கே சமையலறை, குளியலறை பாயின்ட்களுக்கு அதே வேலைக்குப் போடும் ஜிஎஃப்சிஐ சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும்.

லைசென்ஸ் படிகள்: முதலில் அப்ரென்டிஸ், அதாவது தொழில் பழகுகிறவர். மேல்படி லைசென்ஸ் உள்ள மாஸ்டர் எலெக்ட்ரீசியன் ஒருவரின் கீழ் 8,000 மணி நேரம் வேலை செய்தால் அடுத்த படியான ஜர்னிமேன், 7,000 முடிந்ததும் அதற்கான பரீட்சை எழுதலாம். முழுநேரம் பார்த்தால் நாலு வருஷம் ஆகும். ஊர் அனுபவத்தை இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இன்னொன்று, மனைவியின் விசாவில் வருகிறவர் என்பதால் சொல்கிறேன். வேலை செய்யும் அனுமதி கையில் வரும்வரை கூலிக்கு ஒரு ஸ்விட்சுகூட மாற்ற வேண்டாம். வந்து இறங்கியதும் நம்ம ஆளுங்களே "ஒரு ஃபேன் மாட்டிக் குடுங்க தம்பி, ஏதாவது வாங்கிக்குங்க" என்று கூப்பிடுவார்கள். மறுத்துவிடுங்கள். அனுமதி வந்த பிறகும் லைசென்ஸ் இல்லாமல் அந்த வேலை கூடாது.

கிளம்பும் முன் பல்லடத்திலேயே ஒரு வேலை இருக்கிறது. கோடு புத்தகத்தை வெளியிடும் என்எஃப்பிஏ, பெயர் பதிந்தால் தன் தளத்தில் இலவசமாகப் படிக்க விடுகிறது. முழுதும் படிக்க முயலாதீர்கள், வெறுத்துப்போகும். பாயின்ட்களுக்குப் போகும் சர்க்யூட் பற்றிய 210-ஆம் பிரிவு, அப்புறம் எர்த் பற்றிய 250, இவை போதும். நாம் குழி தோண்டிக் கரியும் உப்பும் கொட்டி எர்த் போடுகிறவர்கள், வீட்டு போர்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கவே மாட்டோம். இங்கே மெயின் பேனலில் இரண்டையும் சேர்த்தே ஆக வேண்டும், அதிலிருந்து கிளை எடுக்கும் சப் பேனலில் பிரித்தே ஆக வேண்டும். ஊர் எலெக்ட்ரீசியன் இங்கே முதலில் குழம்புவது இந்த இடத்தில்தான், அதனால் 250-ஐ இரண்டு தடவை படியுங்கள்.