கேள்வி–பதில்: ஐந்து துறைக்கு ஒரே கிளஸ்டர்

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஐந்து துறைகள் சேர்ந்து 12 சிபியு நோடு, 2 ஜிபியு நோடு (நோடு என்பது ஒரு சர்வர்) கொண்ட கிளஸ்டர், அதாவது ஒன்றாகச் சேர்ந்து கணக்குப் போடும் சர்வர் கூட்டம், வாங்கப் போகிறோம். பழைய லேப் ஒன்றை ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு ஸ்பிளிட் ஏசி உண்டு. பணம் முழுவதையும் நோடுகளிலேயே போட்டுவிடலாமா?
– பேராசிரியர், மார்த்தாண்டம்

பதில்: கூடவே கூடாது. முதலில் வெப்பக் கணக்கைப் போடுங்கள். சிபியு நோடு ஒன்றுக்கு 800 வாட் என்றால் பன்னிரண்டுக்கும் 9.6 கிலோவாட். நான்கு கார்டு போட்ட ஜிபியு நோடுகள் இரண்டும் சேர்ந்து 5. ஸ்டோரேஜுக்கும் ஸ்விட்சுகளுக்கும் 2. ஆக 16.6 கிலோவாட். உள்ளே போகும் கரண்டு அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றும் வெப்பம் சுமார் 3.5 கிலோவாட், ஆகவே கிட்டத்தட்ட 5 டன் தேவை. ஒன்று பழுதானாலும் தாங்கும்படி சர்வர் அறைக்கென்றே செய்த 6 டன் பிரிசிஷன் ஏசி இரண்டு வையுங்கள். வீட்டு ஸ்பிளிட் ஏசி இராப்பகலாக ஓடச் செய்ததல்ல. சில மாடல்கள் கரண்டு போய் வந்தால் ரிமோட்டை அழுத்தும்வரை ஓடாது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி யார் வந்து அழுத்துவார்?

ஜெனரேட்டரிலும் பலர் கோட்டை விடுகிறார்கள். கரண்டு போனதும் சர்வர்கள் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும், ஏசி நின்றிருக்கும். சில நிமிடங்களில் அறை கொதித்துவிடும். ஏசி கட்டாயம் ஜெனரேட்டர் லைனில் இருக்கட்டும். ஐப்பசி இடிமழை உங்கள் பக்கம் கடுமை. திடீர் மின்பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டரும் தனி எர்த் குழிகளும் போட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்த பிறகே சர்வர்களை அடுக்கும் ரேக்கை இறக்குங்கள்.

முழு லோடில் ஆண்டுக்கு 1.45 லட்சம் யூனிட்; ஏசியையும் சேர்த்தால் 2 லட்சம் தாண்டும். அந்தக் கட்டணம் எந்தக் கணக்கில் போகும் என்பதையும், முழுநேர சிஸ்டம் அட்மின் ஒருவரின் சம்பளத்தையும் எழுத்தில் வாங்காமல் ஆர்டர் கொடுக்க வேண்டாம். அதற்காக இரண்டு நோடு குறைந்தாலும் பரவாயில்லை.

கேள்வி: டெண்டரில் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஆய்வு மாணவி, குழித்துறை

பதில்: மெமரியை. ஒரு சாக்கெட்டுக்கு (செயலி உட்காரும் இடம்) 12 சேனல் (மெமரிக்குப் போகும் பாதை) உள்ள செயலி என்றால், இரண்டு சாக்கெட்டுக்கு 32 ஜிபி அட்டை 24 வேண்டும். மொத்தம் 768 ஜிபி. அதே 768-ஐ 64 ஜிபி அட்டை 12 என்றும் கொடுப்பார்கள். ‘பின்னால் கூட்டிக்கொள்ளலாம்’ என்று சொல்வார்கள். ஆனால் பாதிச் சேனல் காலி, மெமரி வேகமும் பாதி. வானிலைக்கான டபிள்யூஆர்எஃப், திரவ ஓட்டக் கணிப்பு போன்றவை அங்கேதான் திணறும். கணக்குப் போடும் வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையின் மதிப்பெண் இதை மறைத்துவிடும். மெமரி வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனை காட்டிக்கொடுக்கும். ‘எல்லாச் சேனலும் நிரம்பியிருக்க வேண்டும்’ என்று ஒரு வரி எழுதுங்கள். உங்கள் சொந்த புரோகிராமையே எல்லா நோடுகளிலும் ஓட்டிக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை என்றும் சேருங்கள். வாரண்டி 5 ஆண்டு கேளுங்கள்.

கேள்வி: வாங்கிய பிறகு துறைகளுக்குள் சண்டை வராமலிருக்க?
– துறைத்தலைவர், தக்கலை

பதில்: ‘இந்த நோடு எங்கள் துறைக்கு’ என்று பிரித்தால் ஒரு பக்கம் வரிசை நிற்கும், மறுபக்கம் நோடு சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் பொதுவில் போட்டு, வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் மென்பொருளில் ஃபேர்ஷேர் என்ற பங்கீட்டு வசதியில், போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு வையுங்கள். நேற்று நிறைய ஓட்டியவர் இன்று பின்னுக்குப் போவார். அந்தப் பயன்பாட்டுக் கணக்கு, அமைப்பை மாற்றாவிட்டால், 7 நாளுக்கொருமுறை பாதியாகத் தேயும். ஒரு வேலைக்கு 72 மணி நேர வரம்பு போதும். நீளமானவை செக்பாயிண்ட் எடுத்து, அதாவது அதுவரை ஓடிய நிலையைச் சேமித்து, தொடரட்டும். சிறு சோதனைகளுக்கு 30 நிமிட வரிசை தனியே வேண்டும். 5 மணி நேர வேலைக்கு 72 என்று கேட்பவர்தான் அதிகம் காத்திருப்பார். காலி இடைவெளியில் குறுகிய வேலைகளை நுழைக்கும் பேக்ஃபில் முறை அவரைத் தாண்டிப் போய்விடும். இதைப் புது மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லுங்கள்.

கேள்வி: வாங்காமலே சமாளிக்க முடியாதா?
– விரிவுரையாளர், செங்கோட்டை

பதில்: ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே தேவை என்றால் வாங்க வேண்டாம். திருச்சி என்.ஐ.டி.யில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் 2022-இல் நிறுவிய பரம் பொருள் என்ற சூப்பர்கம்ப்யூட்டர் 838 டெராஃபிளாப்ஸ் (ஒரு டெராஃபிளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்கு) திறன் கொண்டது. எத்தனை கோர், எத்தனை மணி நேரம், எவ்வளவு ஸ்டோரேஜ் என்று ஒரு பக்கத்தில் எழுதி முதலில் அங்கே கேளுங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுத முடியவில்லை என்றால் டெண்டர் எழுதும் நேரமும் இன்னும் வரவில்லை.