மவுஸைத் தொடாமல், கீபோர்டிலேயே விண்டோக்களை வேகமாகக் கையாள என்ன அமைப்பு வைத்துக்கொள்ளலாம்?

ஏழெட்டு விண்டோவைத் திறந்து வைத்துவிட்டு, வேண்டியது வரும்வரை ஆல்ட்+டேப்பைத் தட்டிக்கொண்டே இருப்பவர் நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் "அதெல்லாம் புரோகிராமர்களுக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை. நான் புரோகிராமர் இல்லை. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் என் வேலை. ஆனாலும் பல வருடங்களாக லினக்ஸில் ஐ3 என்ற டைலிங் விண்டோ மேனேஜரில்தான் (விண்டோக்கள் ஒன்றையொன்று மறைக்காமல் திரையைத் தானாகப் பங்குபோட்டு அடுக்கும் நிரல்) உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஆல்ட்+டேப்பை விடுங்கள். கடைசியாக எதைப் பயன்படுத்தினீர்களோ அந்த வரிசையில்தான் அது விண்டோக்களை அடுக்குகிறது. அதனால் ஒரே அகராதி இப்போது இரண்டாவதாக இருக்கும், சற்று நேரத்தில் ஐந்தாவதாக இருக்கும். ஒவ்வொரு முறையும் கண்ணால் தேடித்தான் ஆக வேண்டும். டைலிங் என்றால் திரையை அழகாகக் கட்டம் கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். ஐ3-யில் எண்ணிட்ட பணிவெளிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு தனித் திரை போல. முதன்மை விசையோடு எண்ணை அழுத்தினால் அது முன்னால் வரும். எந்த வேலை எந்த எண்ணில் என்பது மாறாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். இருட்டில் வீட்டு ஸ்விட்ச் கைக்குத் தானாகக் கிடைக்கிறதே, அப்படி.

என் அமைப்பு இதுதான். ஒன்றாம் பணிவெளியில் இடப்பக்கம் மூலநூல், வலப்பக்கம் என் மொழிபெயர்ப்பு. இரண்டில் அகராதிகள், டேப் வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாக. மூன்றில் மின்னஞ்சல், நான்கில் கோப்புகள். ஐ3-யின் அமைப்புக் கோப்பில் 'அசைன்' என்று ஒரு வரி எழுதிவிட்டால், மின்னஞ்சல் நிரலை எங்கிருந்து திறந்தாலும் மூன்றில்தான் போய் நிற்கும். குறிப்பேடு மட்டும் 'ஸ்க்ராட்ச்பேட்'-இல். ஒரு விசையில் மேலே வந்து, அதே விசையில் மறையும். ஐ3 முதல்முறை தொடங்கும்போது, குறுக்குவழிகள் எல்லாவற்றுக்குமான முதன்மை விசை ஆல்ட்டா, விண்டோஸ் விசையா என்று கேட்கும். விண்டோஸ் விசையையே தேர்ந்தெடுங்கள். ஆல்ட்டை எழுத்துச் செயலிகளின் மெனுக்கள் எடுத்துக்கொள்கின்றன, அங்கே மோதல் வரும்.

ஒரு சமயம் அச்சுக்குப் போகும் முன் கடைசிச் சரிபார்ப்பு, வீடியோ அழைப்பில் நடந்தது. பதிப்பாசிரியர் பக்கம் பக்கமாகத் திருத்தம் வாசிக்கிறார். பழைய மெய்ப்பு, புதிய மெய்ப்பு, அடிக்குறிப்புக் கோப்பு, சொல்லடைவு எல்லாவற்றுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். எண்ணை அழுத்தினால் அது முன்னால் நிற்கிறது, அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் பதில் சொல்லிவிடுகிறேன். பாதியில் அவர், "உங்கள் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து எடுத்துத் தருகிறாரா?" என்று கேட்டார். இந்தப் பழக்கத்தை வீண் ஆடம்பரம் என்பவர்களிடம் நான் சொல்வது அந்த நாளைத்தான்.

மவுஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. படம் வரைபவருக்கும் வீடியோ வெட்டுபவருக்கும் அது வேண்டும். "அமைப்புக் கோப்பைத் திருத்துவதிலேயே பொழுது போய்விடும்" என்பவர்களும் உண்டு. ஐ3-யில் இயல்பாக இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, உறுத்துவதை மட்டும் மாற்றினால் அப்படி ஆகாது. எனக்கு வலது மணிக்கட்டு வலி குறைந்தது. அது என் அனுபவம், மருத்துவ ஆலோசனை இல்லை.

இதற்காக இயங்குதளத்தையே மாற்ற வேண்டியதும் இல்லை. விண்டோஸில், டாஸ்க்பாரில் பின் செய்த வரிசைப்படி, விண்டோஸ் விசையோடு 1 முதல் 9 வரை எதை அழுத்தினாலும் அந்த நிரல் வரும். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது, பாதிப் பேருக்குத் தெரியாது. வரிசையை ஒருமுறை தீர்மானித்துவிட்டு அப்புறம் கலைக்காதீர்கள். விண்டோஸ் விசையை இடது அல்லது வலது அம்புக்குறியோடு சேர்த்து அழுத்தினால் விண்டோ பாதித் திரைக்கு ஒட்டும். அதற்கு மேல் வேண்டுமானால், மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் ஃபேன்சிஸோன்ஸ், திரையை நம் விருப்பப்படி பகுதிகளாகப் பிரிக்கும். மேக்கில் 2024-இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து டைலிங் உள்ளேயே இருக்கிறது. அங்கே ஐ3 போலவே வேண்டும் என்றால் ஏரோஸ்பேஸ் என்ற நிரல்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பல நாள் ஆற்றாமை. தமிழ்99 விசைப்பலகை அமைப்புக்கு மாறி எழுதிக்கொண்டிருக்கும்போது சில மென்பொருள்களில் கண்ட்ரோல்+எஸ் வேலை செய்வதில்லை. அழுத்தியது எந்த இடத்து விசை என்று அவை பார்ப்பதில்லை, அதிலிருந்து என்ன எழுத்து வருகிறது என்றுதான் பார்க்கின்றன. ரஷ்ய மொழியிலும் கிரேக்கத்திலும் எழுதுபவர்களுக்கும் இதே தொல்லை உண்டு. ஒரு மென்பொருள் செய்பவர்களுக்கு இதை விளக்கமாக எழுதினேன். "ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அழுத்துங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். நாள் முழுக்கத் தமிழில் எழுதுகிறவருக்கு இதெல்லாம் ஒரு பதிலா?

நீங்களும் தமிழில் தட்டச்சு செய்பவரானால், கீபோர்டை மாற்றும் விதத்தைப் பொறுத்து ஐ3-யிலும் இந்தச் சிக்கல் வரலாம். அங்கே வழி இருக்கிறது. அமைப்புக் கோப்பில் குறுக்குவழியை எழுத இரண்டு கட்டளைகள் உண்டு: 'பைண்ட்சிம்' எழுத்தைப் பார்க்கும், 'பைண்ட்கோட்' விசையின் இடத்தைக் குறிக்கும் எண்ணைப் பார்க்கும். முழுத்திரைக்கான எஃப் விசைக்கு 41, டேப் வடிவுக்கான டபிள்யூ விசைக்கு 25 என்று பைண்ட்கோட் வரியில் எண்ணைப் போட்டுவிட்டால், எந்த மொழியில் இருந்தாலும் குறுக்குவழி நகராது. மற்ற விசைகளின் எண்களை எக்ஸ்இவி என்ற சிறு நிரல் காட்டிவிடும். லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலண்டில், ஐ3 போலவே இயங்கும் ஸ்வே வைத்திருப்பவர்கள் எண் தேட வேண்டியதில்லை, பைண்ட்சிம் வரியிலேயே 'டு-கோட்' என்ற தெரிவைச் சேர்த்தால் போதும்.