வீட்டருகே உள்ள டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) புகை, நாற்றம் பற்றிப் புகார் கொடுத்தால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் புகாரில் என்ன எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் ஊர் ஆம்பூரோ ராணிப்பேட்டையோ தெரியவில்லை. கடன் வாங்கிக் கட்டிய வீடாகத்தான் இருக்கும். "தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஏன் மனை வாங்கினீர்கள்?" என்று நான் கேட்க மாட்டேன்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் பாய்லர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். "முதலாளிக்குப் பரிந்து பேசுகிறான்" என்று சொல்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

ஒரு மழைக்காலத்தில் பின்தெருப் பெண்கள் கேட்டில் வந்து நின்றார்கள். மாடியில் காயப்போட்ட பள்ளிச் சட்டைகளிலெல்லாம் கரும்புள்ளி. மேனேஜர் உடனே புகைபோக்கியை உயர்த்த விலை விசாரித்தார். "இந்தத் தெருவில் விழுவது அடுத்த தெருவில் விழும், அவ்வளவுதானே சார்?" என்றேன். சைக்ளோனின் அடிப்பெட்டியைத் திறக்க வைத்தேன். சைக்ளோன் என்பது புகையைச் சுழலவிட்டு, அதிலுள்ள சாம்பலைச் சுவரோரம் ஒதுக்கிக் கீழே இறக்கும் கூம்பு. பெட்டி கழுத்து வரை நிறைந்திருந்தது. அடிக்கதவின் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இற்றுப்போய் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இறங்கிய சாம்பலையே அந்தக் காற்று திரும்பக் கிளப்பிப் புகைபோக்கிக்கு அனுப்பியது. பாய்லர் சாம்பலை அள்ளுவது எங்கள் வேலை. சைக்ளோன் சாம்பல் யார் வேலை என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கோப்பில் மட்டும் 'சைக்ளோன் பொருத்தப்பட்டுள்ளது' என்று அழகாக இருந்தது. கயிற்றை மாற்றினோம். ஷிப்டுக்கு ஒருமுறை பெட்டியைக் காலி செய்தோம். விறகைக் கொட்டகைக்குள் அடுக்கினோம். ஈர விறகை அடுப்பு நிறையத் திணிப்பதை நான் யாருக்கும் அனுமதிக்கவில்லை. அந்தப் பெண்கள் பிறகு வரவில்லை. புகைபோக்கி இன்றும் அதே உயரம்தான்.

எனவே "புகை தாங்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைக்குத் தரும் இசைவாணையில், புகைபோக்கியின் உயரம், மாசைத் தடுக்கும் கருவி எல்லாம் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் நகலை வாங்குங்கள். பிறகு, சைக்ளோன் சாம்பலை யார் அள்ளுகிறார்கள், பதிவேடு எங்கே என்று கேளுங்கள். கரும்புகை வரும் நேரத்தைக் குறித்து எழுதுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வேறு விவகாரம். தோலிலிருந்து முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீர் அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். 2009இல் வெளியான தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் இருக்கின்றன. இந்த வாயு அதில் இல்லை. ஆகவே நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கும்போதே 'அனைத்தும் வரம்புக்குள்' என்று அறிக்கை வரலாம், அதில் ஒரு வரிகூடப் பொய்யாக இருக்காது. வாயுவின் பெயரைச் சொல்லி, அதை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். அடர்த்தி கூடினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும் வாயு அது. கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளர்கள் பிணமாக வெளியே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேலூர் வட்டாரத் தோல் ஆலைகள் என்றதும் எல்லோரும் 1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற பெரிய தீர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது முக்கியமாகப் பாலாற்றுக் கழிவுநீரைப் பற்றியது. பாய்லர் அருகே நின்றவனின் நுரையீரலுக்காக யாரும் டெல்லி வரை போகவில்லை. அதை விடுங்கள், வைப்பு நிதி ஓய்வூதியத்தில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்களே, அதில் இன்று மாத்திரை வாங்க முடியுமா?

புகாரில் என்னைச் சாட்சியாகச் சேர்க்க வேண்டாம். பணிக்கொடைப் பாக்கி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது.